எட்டாவது தலை

ஃபிலிப்பா கார்லண்ட் என் வீட்டுக்குக் கேக் கொண்டுவந்த அன்றே நான் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். நாற்பது வருடமாக ஒரே ஊரில் இருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் ஒரே வகுப்பு. அத்தனை காலத்தில் அவள் என் வீட்டுப் படியேறியது இரண்டே தடவை. அதில் ஒரு தடவை வீடு மாறி வந்துவிட்டாள். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பார்கள். தேங்காய்த் தூள் தூவிய கேக்கும் சும்மா வராது.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலை நடையை முடித்து, வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் ஆகஸ்ட் குளிர் மாதம். ஃபிலிப்பா என் சமையலறை நாற்காலியைக் கைக்குட்டையால் லேசாகத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். அதிலேயே எனக்குப் பாதி ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"நோலீன், உன் பொண்ணு டானிகா ரொம்பக் கெட்டிக்காரியாமே. இங்கிலீஷ் வாத்தியார் ஆஸ்கின் சொன்னார்."

"என் பொண்ணா? அதே ஆஸ்கின்தான் போன ரிப்போர்ட்ல, 'பாடத்துல கவனமே இல்ல, நோட்டு பூரா இன்ஜின் படம்'னு எழுதியிருந்தாரு."

"அதுவும் ஒரு கற்பனைதானே."

"கற்பனை இல்ல. கியர்பாக்ஸ்."

ஃபிலிப்பா சிரித்து வைத்தாள். ஊரில் இருக்கும் ஒரே மருந்துக் கடை அவளுடையது. பெற்றோர் சங்கத்துக்கும் அவள்தான் தலைவி. அவள் மகள் ப்ரையோனியும் டானிகாவும் ஒரே பத்தாம் வகுப்பு. ப்ரையோனி டாக்டராகப் போகிறாள் என்று அவளுக்கு நான்கு வயதிலேயே முடிவாகிவிட்டது. முடிவெடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மாதத்தில்தான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஜனவரியில் தொடங்கும் அடுத்த இரண்டு வருடத்துக்கான பாடங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். எதை விட்டாலும் ஆங்கிலத்தை விட முடியாது. எந்த ஆங்கிலம் என்பதுதான் கேள்வி. பல்கலைக்கழகத்தில் உச்சாணிக் கொம்பைப் பார்க்கிறவர்களுக்கு அட்வான்ஸ்டு. நடுவாந்தரமானவர்களுக்கு ஸ்டாண்டர்டு. தொழிலுக்குப் போகிறவர்களுக்கு ஸ்டடீஸ். வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது, கையெழுத்து போடுமுன் காகிதத்தைப் படித்துப் புரிந்துகொள்வது, இப்படி வயிற்றுக்கு உதவுகிற சமாசாரம் அதில் இருக்கும். எங்கள் பில்லரூன் பள்ளிக்கூடம் சின்னது. பத்தாம் வகுப்பில் மொத்தமே இருபத்திரண்டு பேர். எட்டுப் பேர் சேராமல் எந்த வகுப்பும் நடக்காது என்பது அங்கே விதி. அட்வான்ஸ்டுக்கு ஏழு பேர்தான் தேறியிருந்தார்கள். ஏழு என்றால் வகுப்பில் வாத்தியார் கிடையாது. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் யாரோ ஒருவரைத் திரையில் பார்த்துப் படிக்க வேண்டியதுதான். மிச்சமிருந்த பிள்ளைகளில் அட்வான்ஸ்டுக்குள் நுழையும் அளவுக்கு மார்க் வைத்திருந்தது என் மகள் ஒருத்திதான்.

"அவ பேரு மட்டும் இருந்தா போதும் நோலீன். மார்ச் மாசம் விலகி ஸ்டடீஸுக்குப் போயிடலாம். அதுக்குள்ள டைம்டேபிள் உறுதியாயிடும். அப்புறம் வகுப்பைக் கலைக்க மாட்டாங்க."

"அட்வான்ஸ்டு என்னிக்கு நடக்குது?"

"புதன்கிழமை காலைல. மத்த நாள்லயும் உண்டு."

"புதன்கிழமை அவளுக்கு ஆகாது."

ஆகாது என்பதன் காரணம் ஊருக்கே தெரியும், ஃபிலிப்பாவுக்கும் தெரியும். டெஸ் கெம்ப்பின் பட்டறையில் டானிகா மூன்று வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் போய் அறுவடை இயந்திரங்களுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறாள். டெஸ் வருடத்துக்கு ஒரே ஒரு பிள்ளையைத்தான் படிக்கும்போதே தொழில் பழக எடுத்துக்கொள்வான். ஜனவரியில் அந்த இடம் அவளுக்கு என்று சொல்லியிருந்தான். அதற்குப் புதன்கிழமைதோறும் டப்போவில் இருக்கும் தொழிற்கல்லூரிக்குப் போக வேண்டும். ஸ்டடீஸ் எடுத்தால் புதன்கிழமை பள்ளியில் அவளுக்கு வேலை கிடையாது. அட்வான்ஸ்டு எடுத்தால் டெஸ்ஸின் இடம் போச்சு.

"டெஸ் அதுக்கடுத்த வருஷமும் ஆள் எடுப்பானே," என்றாள்.

"உன் பொண்ணும் ஒரு வருஷம் கழிச்சு டாக்டருக்குப் படிக்கட்டுமே."

"நோலீன், நம்ம பிள்ளைங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். கேக்குக்கு நன்றி. கதவு அந்தப் பக்கம்."

அவள் போனதும் கேக்கை நாய்க்குப் போட்டேன். அது முழுவதையும் தின்றது. நாய்க்கு ஏது மானம்?

இரண்டு நாள் கழித்துப் பள்ளி மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். நானும் டானிகாவும் போனோம். என் கணவன் லாய்டுக்குக் கோதுமைத் தூசியில் இழுப்பு வந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துகொண்டான். தூசி இல்லாத மாதத்திலும் லாய்டுக்குக் கூட்டம் என்றால் இழுப்பு வரும். கட்டியவளுக்கு இது தெரியாதா.

ஆஸ்கின் எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டு வருடமாக அந்தப் பள்ளியில் இருக்கிறார். ஒரு வருடம்கூட அட்வான்ஸ்டு வகுப்புக்கு எட்டுப் பேர் சேர்ந்ததில்லை. நல்ல வாத்தியார்தான். ஆனால் பசித்தவன் கண்ணுக்குப் பக்கத்து இலையும் தன் இலை.

"டானிகா, உனக்குள்ள ஒரு குரல் இருக்கு," என்றார் அவளிடம். "அதை நான் வெளிய கொண்டு வருவேன்."

டானிகா, "சார், நான் ஒண்ணு கேக்கணும்," என்று ஆரம்பித்தாள்.

"நீ இரு," என்றேன் நான். "சார், புதன்கிழமை வகுப்பை வியாழக்கிழமைக்கு மாத்துங்க. இவ நாளைக்கே கையெழுத்து போடுவா."

"அம்மா, நான்தான் கேக்கறேன்னு..."

"இருடி."

ஆஸ்கின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். "ஒரு பிள்ளைக்காக டைம்டேபிளை மாத்த முடியாதுங்க."

"ஒரு பிள்ளை இல்லாம உங்க வகுப்பே இல்லைங்கறீங்க. அப்ப உங்களுக்கு எட்டாவது தலை ஒண்ணு வேணும். அந்தத் தலைக்குள்ள என்ன இருக்குன்னு தெரிய வேண்டாம். மந்தைல ஆடு எண்ற மாதிரி."

"அப்படி இல்லைங்க. இலக்கியம் ஒரு மனுஷியை..."

"மனுஷியை நான் பெத்துட்டேன் சார். நீங்க டைம்டேபிளைப் பாருங்க."

பின்னாலிருந்து யாரோ, "மெக்கானிக்குக்கு எதுக்குடா இங்கிலீஷ், ஸ்பேனர் என்ன பேசவா போகுது," என்றான். சிலர் சிரித்தார்கள். நான் திரும்பி, அவனையும் அவனுடைய பரம்பரையையும் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மண்டபத்தில் சிரிப்பு நின்றது. டீ ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டாள். டானிகா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. அவனால் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து ஊர் என்னைப் பார்த்துப் பார்வையைத் திருப்பிக்கொண்டது. ரொட்டிக் கடையில் என் முறை வந்தபோது மாமிச பஃப் தீர்ந்துவிட்டது என்றார்கள். எனக்குப் பின்னால் நின்றவனுக்கு இரண்டு கிடைத்தது. வயல்வெளி வாசல்களில் பிள்ளைகளை ஏற்றிவிட வரும் தாய்மார்கள் எப்போதும் கையசைப்பார்கள். அந்த வாரம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கையில் வாதம் வந்துவிட்டது. வரட்டும். எனக்குக் கை நன்றாகத்தான் இருந்தது. ஹார்ன் அடித்துவிட்டுப் போனேன்.

கூசியது ஒரே ஒரு இடத்தில்தான். அந்த ஏழு பேரில் இரண்டு பேர் உண்மையிலேயே படிக்க ஆசைப்பட்டவர்கள். என் பேருந்தில் முன் சீட்டில் உட்கார்ந்து, குண்டுங்குழியுமான ரோட்டிலும் புத்தகத்தை மடியில் பிடித்துக்கொண்டு படிப்பார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணாடியில் அவர்கள் முகம் தெரியாதபடி கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை எல்லாம் மாறிவிட்டது. ரொட்டிக் கடைக்காரி, "சூடா இருக்கு நோலீன், எடுத்துக்கோ," என்றாள். கைகள் அசைந்தன. ஃபிலிப்பா மருந்துக் கடை வாசலில் நின்று என் பேருந்தைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பேன்? அன்று சாயங்காலம் ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே லாய்டிடம் பெருமை அடித்தேன்.

"பாத்தியா, வாய் இருந்தாத்தான் பிழைக்க முடியும். உன்னை மாதிரி ஊமைக்கோட்டானா இருந்திருந்தா இந்நேரம் நம்ம பொண்ணை ஏலம் விட்டிருப்பாங்க."

லாய்டு தட்டைப் பார்த்தபடி உருளைக்கிழங்கை நசுக்கினான். டானிகா தலை வலிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் பேருந்தின் பிரேக் விளக்கைப் பார்க்கச் சொல்லி டெஸ் கெம்ப்பின் பட்டறைக்குப் போனேன். டெஸ் எழுபதைத் தொடுகிறவன். அளந்துதான் பேசுவான். விளக்கை மாற்றி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"உன் பொண்ணு இப்படிப் பண்ணுவான்னு நான் நினைக்கல நோலீன்."

"என்ன பண்ணினா?"

"நேத்து வந்தா. இடம் வேண்டாம், ப்ரிட்சர்ட் பையனுக்குக் குடுத்துடுங்கன்னா. இங்கிலீஷ் படிக்கப் போறாளாம். படிக்கட்டும், நல்லதுதான். ஆனா அழுதுகிட்டே சொன்னா. ஆசைப்பட்டுப் போறவ எதுக்கு அழறா?"

"அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டியா?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லலாம்னு இருக்கேன். எனக்கு அவன் மேல பெரிய பிரியம் இல்ல. நட்டை இடது பக்கம் முறுக்கறான்."

வீட்டுக்கு வந்தால் லாய்டு கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். டானிகா பள்ளிக்கூடம் விட்டு வர இன்னும் நேரம் இருந்தது. நான் அவன் முன்னால் போய் நின்றேன்.

"பாடம் எடுக்கற ஃபாரத்துல பெத்தவங்க கையெழுத்து வேணும். நான் போடல. யார் போட்டது?"

கையிலிருந்த விறகைக் கீழே வைத்தான். "நோலீ, கத்தாதே."

"நான் இன்னும் கத்தவே ஆரம்பிக்கல."

"உன் பஸ்ஸுக்காகத்தான் போட்டேன்."

கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினேன். திங்கட்கிழமை லாய்டின் இழுப்பு மருந்தை வாங்க டானிகா மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள். ஃபிலிப்பா அவளை உள்ளே கூப்பிட்டு, மேசை டிராயரைத் திறந்து ஒரு கடிதத்தைக் காட்டியிருக்கிறாள். நான் பேருந்தில் பிள்ளைகளைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறேன் என்று பெற்றோர் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டது. பேருந்தின் சொந்தக்காரன் மெர்வ், ஃபிலிப்பாவுக்குக் கொழுந்தன் முறை. 'இதை நான் இன்னும் யார்கிட்டயும் குடுக்கல கண்ணு. உங்கம்மா பாவம். இந்த ஊர்ல ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக் குடுத்துத்தானே வாழணும்?' இதைத்தான் பதினைந்து வயதுப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள், பெற்றோர் சங்கத் தலைவி.

கடிதத்தில் இருந்தது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். மே மாதம் இரண்டு பயல்கள் வண்டி எண்பதில் போகும்போது அவசரக் கதவைத் திறந்தார்கள். வண்டியை ஓரம் கட்டி, அவர்களைத் திட்டினேன். கொஞ்ச நேரம் திட்டினேன். முன் சீட்டில் இருந்த ஆறு வயதுக் குட்டி ஒன்று அதில் நான்கு வார்த்தையைப் பொறுக்கிக்கொண்டு போய், ஞாயிற்றுக்கிழமை விருந்தில் பாதிரியார் முன்னால் உருளைக்கிழங்கு கேட்கும்போது சேர்த்துச் சொல்லிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும். சரி, என் வாய், என் கேடு. என் பெண்ணின் புதன்கிழமையை ஏன் தொடுகிறாய்?

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவேன்னு தெரியும்."

"அவ அழுதாளா?"

"என்கிட்ட அழல. பேனாவை நீட்டினா. 'அம்மாவுக்கு அந்த வண்டியை விட்டா வேற ஒண்ணும் தெரியாதுப்பா'ன்னா. போட்டுட்டேன்." லாய்டுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது, இந்தத் தடவை அது நிஜம். "இருபது வருஷமா நீ ஊரோட சண்டை போடறே நோலீ. நானும் அவளும் அதுக்கு நடுவுல குடித்தனம் பண்றோம்."

அந்த வார்த்தை எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. ஆனால் அப்போது எனக்கு வலிக்க நேரமில்லை.

டானிகாவிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், வியாழக்கிழமை காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டேன். பள்ளி அலுவலகத்தில் புதிய ஃபாரம் ஒன்று கேட்டேன். வெள்ளிக்கிழமை மூன்று மணி வரை மாற்றலாம், பெற்றோர் கையெழுத்து இருந்தால் போதும் என்றார்கள். அங்கேயே சுவரில் வைத்து, ஸ்டடீஸ் என்ற கட்டத்தில் பேனா கிழிக்கிற அளவுக்கு அழுத்தி ஒரு டிக் போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேருந்தை நேராக மருந்துக் கடை வாசலில் குறுக்கே நிறுத்தினேன்.

உள்ளே ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். நான் வரிசையில் நிற்கவில்லை.

"ஃபிலிப்பா, டிராயரைத் திற."

"நோலீன், உடம்பு சரியில்லையா? உக்காரு."

"டிராயர்ல ஒரு கடுதாசி இருக்காமே. என் பொண்ணுகிட்ட காட்டினியே. இவங்களுக்கும் காட்டு. இதுல பாதிப் பேர் கையெழுத்து போட்டவங்கதான், எழுத்து சரியா இருக்கான்னு பாத்துக்கட்டும்."

வரிசையில் ஒருவருக்குத் திடீரென்று இருமல் சிரப்புகளின் விலையைப் படிக்கும் ஆர்வம் வந்தது. ஃபிலிப்பாவின் கழுத்து சிவந்தது. குரலைத் தாழ்த்தினாள்.

"நான் யாரையும் மிரட்டல. உன்னைக் காப்பாத்தத்தான் பாத்தேன்."

"என்னை நீ காப்பாத்தறியா? பதினஞ்சு வயசுப் பொண்ணைத் தனியா உள்ள கூட்டிட்டுப் போயி? உன் பொண்ணு டாக்டராக என் பொண்ணு தலையை எண்ணிக்கைக்கு வெக்கணுமா?"

"உன் பொண்ணு கிரீஸுக்குள்ள கையை விட்டுட்டு நிக்கறதுதான் உனக்குப் பெருமையா? ஒருத்தி மேல வரட்டுமேன்னு உனக்கு நினைப்பே வராதா? உனக்கு எப்பவும் இதே பொறாமைதான் நோலீன், பள்ளிக்கூடத்துலேர்ந்து."

இதற்கு நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. பாதிரியார் காதில் விழுந்த நான்கு வார்த்தைகளும் அதில் இருந்தன, புதிதாக இரண்டும் இருந்தன. சொல்லி முடித்து, போனை எடுத்து மெர்வைக் கூப்பிட்டேன்.

"மெர்வ், நோலீன் பேசறேன். இன்னியோட வண்டியை விட்டுட்டேன். சாயங்கால நடைக்கு ஆள் பாத்துக்கோ. சாவி உன் அண்ணி கடைல இருக்கு."

சாவியை ஃபிலிப்பாவின் முன்னால், கண்ணாடி மேசை மேல் வைத்தேன். "உன் கடுதாசிக்கு இனிமே வேலை இல்ல. என் பொண்ணுகிட்ட இனிமே ஒரு வார்த்தை பேசினே, மாத்திரை உனக்கே தேவைப்படும்."

வீட்டுக்கு நடந்தே போனேன். இரண்டு மைல். காலெல்லாம் இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. பத்தொன்பது வருட வேலை. போகட்டும். பெண்ணுக்காக வேலையை விட்ட தாய் என்று எனக்கு நானே மெடல் குத்திக்கொண்டு நடந்தேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு டானிகா வந்தாள். மெர்வே பேருந்து ஓட்டிக்கொண்டு வந்தானாம். அவனுக்கு கியர் விழவில்லையாம். பிள்ளைகள் பேருந்து முழுக்க நான் மருந்துக் கடையில் சொன்னதைத்தான் பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தார்களாம். பையைத் தரையில் போட்டாள்.

நான் ஃபாரத்தை மேசை மேல் விரித்து வைத்திருந்தேன். "இந்தா. உன் புதன்கிழமை. டெஸ் இன்னும் அந்தப் பையனைக் கூப்பிடல. நாளைக்குக் காலைல இதைக் குடுத்துடு."

அவள் ஃபாரத்தைப் பார்த்தாள். நான் போட்ட டிக்கை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் நிதானமாக அதை இரண்டாகக் கிழித்தாள். நான்காகவும் கிழித்தாள்.

"என்னடி பண்றே!"

"எல்லாரும் என் டிக்கை நீங்களே போடறீங்க," என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். "ஆஸ்கின் சார் எனக்குள்ள குரல் இருக்குன்னாரு; நான் பேச வாயைத் திறந்தா நீ 'இருடி'ங்கறே. மண்டபத்துல நான் என்ன கேக்க வந்தேன்னு உனக்குத் தெரியுமா?"

"புதன்கிழமையைத்தானே..."

"இல்ல. திரையில படிக்கறவங்களுக்கு வாரத்துல ஒரு நாள் நீங்களாவது பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுப்பீங்களான்னு கேக்க வந்தேன். அந்த ரெண்டு பேருக்காக. அவங்க என் ஃபிரண்ட்ஸ்மா. அவர் பதில் சொல்லியிருந்தா ஒருவேளை எல்லாம் அன்னிக்கே முடிஞ்சிருக்கும். நீ அதுக்குள்ள சண்டையை ஆரம்பிச்சிட்ட."

கிழிந்த ஃபாரத்தின் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்தேன்.

"அப்புறம் அந்தக் கடுதாசி. நான் அழுது, யோசிச்சு, எனக்குப் பிடிச்சதை விட்டேன். உனக்காக விட்டேன். என்கிட்ட குடுக்கறதுக்கு இருந்தது அது ஒண்ணுதான். நீ அதைத் தூக்கிக் கடை மேசைல போட்டுட்டு வந்திருக்கே, இருமல் மருந்து வாங்க வந்தவங்க முன்னால. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"உனக்காகத்தானேடி விட்டேன் நான்!"

"கார்லண்ட் ஆன்ட்டியும் அதேதான் சொல்றாங்க. ப்ரையோனிக்காகத்தான்னு."

செருப்பால் அடித்திருக்கலாம். கொல்லைக் கதவருகே லாய்டு வந்து நின்றான், உள்ளே வரவில்லை.

டானிகா பைக்குள்ளிருந்து இன்னொரு ஃபாரத்தை எடுத்தாள். அவளே அலுவலகத்தில் வாங்கி வந்தது. மேசையைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அதை என் முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

"கையெழுத்து போடு."

பார்த்தேன். பெயர் மட்டும் இருந்தது. அட்வான்ஸ்டு காலி, ஸ்டாண்டர்டு காலி, ஸ்டடீஸ் காலி. "ஒண்ணுமே நிரப்பலையேடி."

"ஆமா."

"எதை எடுக்கப் போறேன்னு சொல்லிட்டாவது..."

"மாட்டேன். போடறதுன்னா போடு. இல்லைன்னா அப்பாகிட்ட குடு, அவர் எதுல வேணும்னாலும் போடுவாரு."

லாய்டு தலையைக் குனிந்துகொண்டான். நான் ஊரில் ஒருவனையும் நம்பி வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டதில்லை. பாங்கிலேயே மூன்று தடவை படித்துவிட்டுத்தான் போடுவேன். பேனாவை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். கோபம் வந்தது. அவள் மேலா, என் மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. போட்டேன். என் பெயர் வேறு யாருடைய பெயர் மாதிரியோ விழுந்தது. அவள் மை காயும்வரை ஊதிவிட்டு, ஃபாரத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலையில்லாத முதல் நாள். காலையில் மெர்வ் கியரை அரைத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்ய நான்கு தடவை எடுத்து நான்கு தடவையும் வைத்தேன். மூன்று மணி ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. பேருந்து வந்து போனது, டானிகா இறங்கவில்லை. நான்கு மணிக்கு டெஸ் கெம்ப் கூப்பிட்டான்.

"நோலீன், உன் பொண்ணு இங்கதான் இருக்கா. ஹார்வெஸ்டர் அடில. ஜனவரிக்குப் பேப்பர்ல கையெழுத்து போட்டாச்சு. ஆஸ்கின் வந்து என்கிட்ட கத்திட்டுப் போனாரு, ஏழே பேராம், திரைதானாம். பாவம், அந்த மனுஷனுக்குக் கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. இவதான் வெளிய வந்து அவர்கிட்ட தனியா ஏதோ கேட்டா. வியாழக்கிழமை சாயங்காலம் அந்தப் பிள்ளைங்களோட வந்து உக்காரறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "அவளைப் போனைப் பிடிக்கச் சொல்லு டெஸ்."

அந்தப் பக்கம் இரும்புச் சத்தம் கேட்டது. டெஸ் யாரையோ கூப்பிட்டான். திரும்பி வந்தான்.

"வரமாட்டாளாம். கையெல்லாம் எண்ணெயாம்." கொஞ்சம் தயங்கினான். "ஒண்ணு சொல்லச் சொன்னா. அப்படியே சொல்றேன், என் மேல பாயாதே. புதன்கிழமையை அவளே எடுத்துக்கிட்டாளாம். நீ வாங்கிக் குடுத்தது இல்லையாம்."

அவளிடம் சொல்ல என்னிடம் ஒரு மூட்டை வார்த்தை இருந்தது. பத்தொன்பது வருடம் ஓட்டிய வண்டி இருந்தது, மருந்துக் கடை இருந்தது, இரண்டு மைல் நடை இருந்தது. டெஸ் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"சரின்னு சொல்லு," என்றேன்.